கிராம சபைக்கு ஒரு மண்டலம்: வேலூர் இளைஞர்களுக்கு முதல் பாடம்

ஆகஸ்ட் 15-க்கும் அக்டோபர் 2-க்கும் நடுவில் 48 நாள். மாலை போட்டு விரதம் இருப்பவர்களுக்குத் தெரியும், 48 நாள் என்றால் ஒரு மண்டலம். இந்த இரண்டு தேதிகளிலும் தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. முதல் கூட்டத்தில் வேப்பமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்த 19 வயதுப் பிள்ளை, அடுத்த கூட்டத்தில் எழுந்து ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து, அதைப் புத்தகத்தில் ஏற்றவைக்க இந்த ஒரு மண்டலம் போதும். ஜனநாயகத்தைப் பற்றிப் பத்து வகுப்பு எடுப்பதைவிட இது கடினம். ஆனால் கற்றது மறக்காது.

பள்ளியில் குடிமையியல் படித்த எல்லோருக்கும் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தெரியும். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது என்று தேர்வில் எழுதியிருப்பார்கள். அதைத் தொடர்ந்து வந்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தெரிந்திருக்கும். தெரியாதது ஒன்றுதான்: சொந்த ஊரின் தீர்மானப் புத்தகம் யார் கையில் இருக்கிறது, அதில் போன தடவை என்ன எழுதினார்கள் என்பது.

மனு வேறு, தீர்மானம் வேறு

வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. அங்கே கொடுப்பது மனு. மனு என்றால் ஒருவர் கேட்கிறார், அதிகாரி பார்த்துச் செய்கிறார். கிராம சபையில் போடுவது தீர்மானம். தீர்மானம் என்றால் ஊர் முடிவு செய்கிறது, ஊராட்சி நிறைவேற்றுகிறது. நம் ஊர்களில் பலர் கிராம சபைக்கும் மனுவோடுதான் போகிறார்கள். "ஐயா, பார்த்துச் செய்யுங்க" என்று தாளை நீட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தத் தாள் ஒரு கோப்புக்குள் போகும். தீர்மானப் புத்தகத்துக்குள் போகாது. இளைஞர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய வித்தியாசம் இதுதான்.

கிராம சபையின் உறுப்பினர் யார்? ஊராட்சி எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும். யாரும் அழைக்கத் தேவையில்லை, யாரும் நியமிக்கவும் முடியாது. ஆகவே பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். 1989 முதல் வாக்களிக்கும் வயது 18. முன்பு ஜனவரி 1-ஐ மட்டும் தகுதி நாளாகக் கொண்டார்கள். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு நாள்கள். 17 முடிந்தவர்கள் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். பெயர் திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம். ஸ்ரீபெரும்புதூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போய், அங்கே பெயரை மாற்றிக்கொண்ட பிள்ளைகள் ஊர்க் கூட்டத்தில் பேசலாம், ஆனால் கணக்கில் வர மாட்டார்கள். 18 ஆகாதவர்களும் அப்படித்தான். உட்கார்ந்து கேட்க இவர்களைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை.

கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வேண்டும் என்பதற்குக் குறைவெண் வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணை நிரப்பத்தான் நூறு நாள் வேலைக்கு வந்த அம்மாக்களை வரிசையாக உட்கார வைப்பதும், கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்புவதும் நடக்கிறது. கையெழுத்துப் போடும் பக்கத்தின் மேல் பகுதி காலியாக இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள். கூட்டம் தொடங்குமுன் வருகைப் பதிவு, முடிந்தபின் தீர்மானம். இரண்டும் வேறு பக்கம்.

ஆண்டுக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் 2022-இல் சேர்ந்தவை. ஆறிலும் அக்டோபர் 2-க்கு எடை அதிகம். அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை அந்தக் கூட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆடிப்பட்டம் தேடி விதைப்பது போல, தீர்மானத்துக்கும் பட்டம் உண்டு.

முதல் வாரம்: ஆளும் எல்லையும்

எட்டு முதல் பத்துப் பேர் போதும். எண்ணிக்கையைவிட முக்கியம், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது. ஊர், காலனி, அடுத்துள்ள குக்கிராமம் என எல்லாப் பக்கமும் ஆள் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே வகுப்புத் தோழர்களாகச் சேர்ந்தால் அது கிரிக்கெட் டீம்தான். அவர்கள் கொண்டுவரும் தீர்மானத்தை அடுத்த தெரு சந்தேகத்தோடுதான் பார்க்கும், அதில் நியாயமும் உண்டு. அரசியல் கல்வி என்று சொல்லிக்கொண்டு சாதியைத் தொடாமல் போவது வட ஆற்காட்டில் நடக்காத காரியம். தனித் தொகுதி ஊராட்சியில் தலைவரின் நாற்காலி எங்கே போடப்பட்டிருக்கிறது, கூட்டத்தில் யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குறித்துவருவதே குழுவின் முதல் பாடமாக இருக்கட்டும்.

அடுத்து, எது யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்தில் கேட்கும் கேள்விகளில் பல வழிதவறிப் போவது இங்கேதான். தெருவிளக்கு, தெருக் குடிநீர், குப்பை, சாக்கடை, ஊருக்குள்ளான சாலை எல்லாம் ஊராட்சியின் வேலை. பட்டாவும் புறம்போக்கு ஆக்கிரமிப்பும் வருவாய்த் துறை, அதாவது வி.ஏ.ஓ., தாசில்தார். சாய்ந்த மின்கம்பம் மின்வாரியம். தொடக்கப்பள்ளிக் கட்டடம் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். ஏரியில் ஒரு நுணுக்கம் உண்டு: ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவானால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. ஏரிக்கரை உடைந்தது பற்றி ஊராட்சித் தலைவரிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டபின் "அது எங்க ஏரி இல்லப்பா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வருவதைவிட, முந்தைய வாரமே விசாரித்துவிடலாம். பிற துறையின் வேலை என்றாலும் "இதைச் செய்துதரக் கோரி" கிராம சபை தீர்மானம் போடலாம். ஆனால் அது கோரிக்கைத் தீர்மானம். ஊராட்சியே செய்ய வேண்டிய தீர்மானத்தின் பலம் அதற்கு வராது.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஏதாவது கேட்பதென்றால் அதையும் இந்த வாரத்திலேயே அனுப்பிவிட வேண்டும். காரணம் நாள் கணக்கு. பதில் தர 30 நாள் அவகாசம். ஆகஸ்ட் 20-இல் மனு போய்ச் சேர்ந்தால் செப்டம்பர் 19-க்குள், அதாவது மண்டலத்தின் 35-ஆம் நாளுக்குள் பதில் வர வேண்டும். பத்து நாள் தள்ளி அனுப்பினால் கூட்டம் நெருங்கும்போதுதான் கைக்கு வரும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். அலுவலகம் மாறிவிட்டாலும் உரிய இடத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். இதில் நடக்கும் பெரிய தவறு, "ஏன் விளக்கு எரியவில்லை?" என்று கேட்பது. ஏன் என்பது கருத்து; அலுவலகம் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை. "சென்ற நிதியாண்டில் தெருவிளக்குப் பராமரிப்புக்கான செலவுச் சீட்டுகளின் நகல் தருக" என்று கேளுங்கள். காகிதமாக இருப்பதைக் கேட்டால் காகிதம் வரும்.

எண்ணுவது

இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை எண்ணும் வேலை. ஊராட்சியின் வரவு செலவு விவரத்துக்குப் படிவம் 30 என்று பெயர். கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் பெற வேண்டியது அது. பிளக்ஸ் பேனராக வைக்கவும் வேண்டும். ஆகஸ்ட் 15 அன்றே அந்தப் பேனரைப் போனில் படம் எடுத்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் என்று ஊரிலிருந்து வருவது ஒரு பக்கம். மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும் மறுபக்கம். 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு, தன் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்தது. இது தெரியாமல் "அந்தப் பணத்தில் கோயில் தெருவுக்குச் சிமென்ட் ரோடு போடு" என்றால், "முடியாது" என்பதுதான் சரியான பதில். தலைவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது.

முதல் தடவை ஒரே ஒரு பொருளை எடுங்கள். தெருவிளக்கு நல்ல தேர்வு: கண்ணுக்குத் தெரியும், ஊராட்சியின் பொறுப்பு, செலவு சிறியது, பெண்களுக்கு உடனே பயன். மாலை 7 மணிக்கு மேல் இரண்டிரண்டு பேராக நடந்து, கம்பம் எண், இடம், எரிகிறதா, எத்தனை நாளாக எரியவில்லை என்று நான்கு கட்டம் போட்ட நோட்டில் எழுதுங்கள். ஒரே இரவில் முடிக்காதீர்கள். மூன்று வெவ்வேறு நாள் பாருங்கள். மின்தடை நாளில் எண்ணியதை வைத்துக் கூட்டத்தில் பேசி, "அன்னிக்கு லைன்லயே கரண்ட் இல்ல தம்பி" என்று ஒரே வரியில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

எண்ணிக்கையின் பலத்துக்கு இந்த மாவட்டத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலப்பதற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் வேலூர் பெயரில்தான் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பில் ஆற்றின் துயரம் பற்றிய உருக்கமான வாசகங்களைத் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற கணக்கு கிடைக்கும். பிரச்சினை அதோடு தீர்ந்துவிடவில்லை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மீண்டும் உத்தரவிட வேண்டி வந்தது. தீர்ப்பு வாங்குவதும் ஆறு தெளிவதும் ஒன்றல்ல.

தீர்மானத்தை எழுதுவது

"குடிநீர், தெருவிளக்குப் பிரச்சினைகளைத் தீர்க்க வேண்டும்." இப்படி எழுதினால் ஒரே குரலில் நிறைவேறும், யாரையும் கட்டுப்படுத்தாது. என்ன, எங்கே, எத்தனை, எந்த நிதி, எந்த நாளுக்குள், யார் கணக்குச் சொல்வது என்ற ஆறும் உள்ளே வர வேண்டும். மாதிரிக்கு:

"மேட்டுத்தெருவில் பள்ளிக்கூடம் முதல் ரேஷன் கடை வரையுள்ள 14 தெருவிளக்குகளில் 9 எரியவில்லை, கம்ப எண்கள் இணைப்பில் உள்ளன. இவற்றை ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து அக்டோபர் 31-க்குள் சரிசெய்வதென்றும், முடிந்த விவரத்தை நவம்பர் 1 கூட்டத்தில் தலைவர் வைப்பதென்றும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

நான்கு வரிக்கு மேல் வேண்டாம். முன்னுரை, பாரதியார் மேற்கோள், "இளைய சமுதாயம்" எதுவும் வேண்டாம். ஊராட்சி செயலர் கையால் எழுதி ஏற்ற வேண்டிய வாசகம் இது. நீளமானால் அவர் சுருக்குவார், சுருக்கும்போது தேதிதான் முதலில் காணாமல் போகும். கூட்ட அறிவிப்பு 7 நாளுக்கு முன் வர வேண்டும் என்பதால் செப்டம்பர் 25-க்குள் கூட்டப்பொருள் முடிவாகிவிடும். ஆகவே 22-ஆம் தேதிக்குள் எழுத்தில் கொடுத்து, இன்னொரு நகலில் ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

துகில் இரவும் கட்டியங்காரனும்

இனி பண்பாட்டுப் பக்கம். வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சபை என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், துகில் உரியும் கூத்து நடக்கும் இரவில், விடியும்வரை கண்விழித்துப் பார்த்த சபை அது. அங்கே பாஞ்சாலி அழுவதைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவள் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: தன்னையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? இது நடைமுறை பற்றிய கேள்வி. எந்த அதிகாரத்தில் இந்த முடிவு எடுத்தீர்கள் என்று ஒரு பெண் நிறைந்த சபையில் கேட்கிறாள். பீஷ்மரும் துரோணரும் இருந்தும் சபை வாய் மூடியிருக்கிறது. எழுந்து பேசியவன் கௌரவர்களில் இளையவனான விகர்ணன். கிராம சபைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பாடம் வேறு மொழியிலிருந்து கொண்டுவர முடியாது.

குடவோலையைத்தான் வழக்கமாக எல்லா மேடையிலும் சொல்வார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டியிடக் கூடாது, அவர் உறவினரும் கூடாது என்ற விதி இருப்பது உண்மை, அதைச் சொல்லலாம். அதே கல்வெட்டு நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள, 35 முதல் 70 வயது வரையான பிராமண ஆண்களுக்கு மட்டுமான சபையைப் பற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருமையை மட்டும் சொல்லிக்கொடுப்பது கல்வி ஆகாது.

ஊருக்குச் செய்தி சொல்லக் கூத்தைப் பயன்படுத்துவதில் ஓர் எச்சரிக்கை. கதையை மாற்றி, துரியோதனனுக்கு ஊழல் ஒப்பந்ததாரர் வேடம் போட்டு, முடிவில் "வாக்களிப்போம்" என்று பாடவைத்தால் கூத்தும் கெடும், செய்தியும் கெடும். அரசு விளம்பர வண்டி போல ஆகிவிடும். கூத்துக்குள்ளேயே இதற்கென்று இடம் வைத்திருக்கிறார்கள்: கட்டியங்காரன். ராஜாவை அறிமுகப்படுத்துவதும் அவன்தான், கேலி செய்வதும் அவன்தான். ஊர் நடப்பைப் பேச அவனுக்கு மரபே உரிமை தந்திருக்கிறது. உங்கள் 9 விளக்குகளை அவன் வாயில் பத்து நிமிடம் கொடுங்கள். மீதிக் கதை அப்படியே நடக்கட்டும். பக்கத்து ஊர் ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, கூப்பிட்டால் சம்பளம் பேசிக் கொடுங்கள். "சமூக சேவைதானே" என்று கலைஞரை இலவசமாக ஆடவைப்பவர்கள் ஊதியம் பற்றித் தீர்மானம் பேசத் தகுதியற்றவர்கள். கூத்துக் காலம் ஆடியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடுவதால் செப்டம்பரில் ஆள் கிடைப்பது சுலபம். ஆனால் ஆவணி, புரட்டாசியில் வேலூர்ப் பக்கம் சாயங்காலம் இடிமழை பிடிக்கும். மாற்று நாள் ஒன்றும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் சேர்க்கத் தண்டோரா போடாதீர்கள். அதற்குத் தமிழ்நாடு அரசு 2022-இல் தடை விதித்துவிட்டது. யாரை அந்தப் பறையை அடிக்க வைத்தார்கள் என்று நினைத்தால் காரணம் புரியும். ஆட்டோவில் மைக் கட்டுவது போதும்.

ஒத்திகையும் கூட்ட நாளும்

கடைசி வாரம் மாதிரிக் கூட்டம் ஒன்று நடத்திப் பாருங்கள். ஒருவர் தலைவர், ஒருவர் செயலர், ஒருவர் கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வரும் பற்றாளர், இரண்டு பேர் குறுக்கே பேசுபவர்கள். பேசுபவருக்கு 2 நிமிடம். உண்மையான கூட்டத்தில் வரப்போகும் தடைகளில் பாதி இங்கேயே வந்துவிடும். அவற்றில் எப்போதும் வருவது ஒன்று:

"தம்பி, அதெல்லாம் அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம். உக்காருப்பா."

"சரிங்க தலைவரே. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறோம்னு காரணத்தோட ஒரு வரி எழுதிடுங்க. உக்காந்துக்கிறேன்."

குரலை உயர்த்தத் தேவையே இல்லை. எழுதச் சொன்னதும் பல "அடுத்த கூட்டம்" இந்தக் கூட்டத்துக்கே திரும்பிவிடும்.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பல ஊர்களில் தலைவர் அம்மா உட்கார்ந்திருக்க, அவர் கணவர் பதில் சொல்வார். சண்டை வேண்டாம். "தலைவரம்மா, நீங்க சொல்லுங்க" என்று ஒவ்வொரு கேள்வியையும் அவரிடமே கேளுங்கள், மூன்றாவது கேள்வியில் அவரே பேசத் தொடங்குவார்.

கூட்டம் நடக்கும் இடமும் கவனிக்க வேண்டியது. மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது. குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் போக வேண்டும். அணைக்கட்டு ஒன்றியத்தின் மலை ஊராட்சிகளான பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற இடங்களில் குக்கிராமங்கள் எட்ட எட்ட இருக்கின்றன. எப்போதும் ஒரே இடத்தில் கூட்டினால் எப்போதும் ஒரே பக்கத்து ஆட்கள்தான் முடிவெடுப்பார்கள். அடுத்த கூட்டத்தின் இடத்தையே ஒரு தீர்மானமாகக் கேட்கலாம்.

நேரலை போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. பதிவு செய்வது வேறு, போனை முகத்துக்கு நேரே நீட்டுவது வேறு. நீட்டியதும் பேச்சு நின்று சண்டை தொடங்குகிறது, தீர்மானம் அப்படியே போகிறது. ஒருவர் பின்னால் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தால் போதும்.

ஓட்டுக்குப் பணம் பற்றிய பேச்சு எழாமல் இந்த மாவட்டத்தில் எந்த இளைஞர் கூட்டமும் முடியாது. 2019-இல் பணப் புழக்கம் காரணமாக வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். நாட்டில் மக்களவைத் தேர்தல் ஒன்று அந்தக் காரணத்துக்காக ரத்தானது அதுவே முதல் முறை. ஆகஸ்ட் 5-இல் மறுபடி நடந்தபோது வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள்தான். 500 ரூபாயை ஐந்தாண்டு நாள்களால் வகுத்து "நாளுக்கு 27 பைசாவுக்கு விலைபோனீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்தக் கணக்கு வாங்கியவரைக் கூச வைக்கும். அடுத்த தேர்தலில் வாங்காமல் இருக்க வைக்காது. மேட்டுத்தெருவில் ஒரு விளக்கு தீர்மானத்தால் எரிந்தால், தலைவரிடம் கேட்டுப் பெறக்கூடியது பணத்தைவிட வேறு ஏதோ இருக்கிறது என்று அந்தத் தெரு தெரிந்துகொள்ளும்.

அக்டோபர் 2 கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். நவம்பர் 1-க்கு 30 நாள்தான் இருக்கிறது. தீர்மான நகலைத் தகவல் உரிமையில் கேட்டால், மறுநாளே நேரில் போய்க் கொடுத்தாலும், பதில் நவம்பர் 2 வரை வரலாம். கூட்டம் ஒரு நாள் முந்திவிடும். செயலர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து, தேதியும் 9 என்ற எண்ணும் இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்து, தீர்மான எண்ணோடு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.